வெள்ளிக்கிழமைப் பொதி

மகளின் ஜீப்பில், மரமே இல்லாத மலைமேட்டுப் பொட்டல்வெளிக்குப் போனோம். கல்லுப் பாதையில் வண்டி துள்ளியபோதும், மடியிலிருந்த புட்டுப் பெட்டியை நான் விடவில்லை. கூடாரம் அடித்ததும், உலர்ந்த சாப்பாட்டுப் பொதிகள் இரண்டை எடுத்தாள்.

"சுடுதண்ணி விட்டாக் காணும், அம்மா."

"உதெல்லாம் ஒரு சாப்பாடோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள என்ன இறைச்சி கிடக்குதோ, ஆர் கண்டது? புட்டைச் சாப்பிடு."

"ஓம்" என்று பொதிகளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டுப் புட்டைச் சாப்பிட்டாள்.

இப்போது அவள் வேலைக்காக ஸ்தவாங்கர் நகருக்குப் போய்விட்டாள். போன கிழமை எங்கள் அம்மருட் வீட்டில் அவளுடைய அலுமாரியைத் துடைத்தபோது அந்தப் பொதிகள் அகப்பட்டன. கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். இரண்டிலும் பருப்பும் மரக்கறியும்தான். அவள் வெள்ளிக்கிழமை பார்ப்பவளே இல்லை.

ஒன்றில் சுடுதண்ணீர் விட்டு, குசினியில் தனியே இருந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்து தொலைத்தது.