சாமைக் குதிரில் மிளகு

கேரளாவுக்கு இனிப் போகமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னது, எங்கள் மூத்த பையனைப் புதைத்த இடத்தில் நின்றுகொண்டுதான். அவர் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக்கு இருந்த மாதங்களில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆள்மேல் ஆள் சொல்லி, சேதி அவருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர் மண்மேட்டைத்தான் பார்த்தார். "இனி பிள்ளைய உட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன் புள்ள" என்றார். அப்போது மகள் என் வயிற்றில் இருந்தாள்.

மலையிலேயே இருப்பதென்றால் மலையிலேயே காசு வர வேண்டும். கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் எங்களுக்கு இருந்தது ஒரு சாமைக் காடு. சாமை வயிற்றுக்கு ஆகும், துணிமணிக்கும் மருந்துக்கும் ஆகாது. அந்தச் சமயத்தில் ஜீப்பில் வந்த ஆபீசர்கள், உலகமே மிளகு வாங்குகிறது, நீங்கள் ஏன் சாமையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டு நாற்றுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்களும் காட்டுக்குள் நின்ற சில்வர் ஓக் மரங்களில் கொடியை ஏற்றினோம். மரம் இல்லாத இடத்தில் மரமும் வைத்தோம். நிழல் விழுந்த பிறகு சாமை முளைக்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

முதல் காய்ப்புக்கு, அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மிளகு வாங்கும் பாய் கொடுத்த விலையில் வீட்டுக்கு ஓடு போட்டோம். அந்த வருஷம் வீட்டுக்காரர் மகளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அடுத்த பறிப்பை மூட்டை கட்டி இறக்கிக்கொண்டு போனபோது பாய் சொன்ன விலையைக் கேட்டு இவர் சிரித்துவிட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தார்.

"நெசமாத்தானுங்க. வெளிநாட்டு மிளகு கப்பல்ல வந்து எறங்குது. வரி போடாம உடணும்னு ரெண்டு நாட்டுக் கவருமெண்டுக்குள்ள ஒப்பந்தமாம். நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார் பாய்.

கையெழுத்துப் போட்ட மகராசன்களுக்குக் கொல்லிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது தெரியுமா? அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் மிளகு பறித்தவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் ஊருக்கும் ஒரு ஜீப் போயிருக்கும்.

இவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். விலை ஏறட்டும், அதுவரை வைத்திருப்போம் என்றார். வைக்க இடமா இல்லை? சாமை கொட்டிவந்த மண் குதிர் காலியாகக் கிடந்தது. எங்கள் சனத்துக்குக் குதிர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. உமியோடு கொட்டி வாயைச் சாணி போட்டு மெழுகிவிட்டால், சாமை வருஷக்கணக்கில் கெடாது. சாமைக்குச் செய்வதையே மிளகுக்கும் செய்தோம். மிளகைப் பறித்ததும் விற்றுத்தான் பழக்கம், வைத்துப் பழக்கமில்லை. அதைச் சொல்லித்தர எந்த ஜீப்பும் வரவில்லை.

ஆடி மழையும் பனிமூட்டமும் போன பிறகு குதிரைத் திறந்தோம். மேலே வெள்ளை பூத்திருந்தது. கையை உள்ளே விட்டால் ஈரம், அழுகல் வாடை. பாய் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பூஞ்சை பட்ட சரக்கை வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான், அதற்கென்று தனியாகச் சட்டம் வைத்திருக்கிறான் என்றார். வெளிநாட்டு மிளகு உள்ளே வருவதற்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள், வெளியே போகிறவளை நிறுத்தி மடியைச் சோதிக்கிறார்கள்.

வீட்டில் நெல்லும் இல்லை, சாமையும் இல்லை. வேறு வழியில்லாமல் இவர் கேரளாவுக்கே பஸ் ஏறினார். மகள் தூங்கும்போது போய்விட்டார். ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து நின்றார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம், முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அங்கயும் அப்பிடித்தான் புள்ள. காப்பித் தோட்டத்து மிளகப் பறிக்கிற கூலிகூடக் கட்டலைன்னு கொடியிலயே உட்டுட்டாங்க. ஆளே வேண்டாமாம்."

கேரளாவும் கைவிட்ட பிறகு மிச்சமிருந்தது போர்வெல் லாரிதான். அது வடக்கே எங்கெங்கோ கிணறு தோண்டிக்கொண்டே போகும். ஏறினால் ஒரு வருஷத்துக்கு இறங்க முடியாது. நடுவில் வந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவான். ஏறும்போது மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். சந்தை நாளில் பாய் கடைக்குப் போன் பண்ணுவதாகச் சொன்னார்.

அவர் போனபின் வந்த மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கண் செருகிக்கொண்டது. தூக்கிக்கொண்டு மலையிறங்கி முள்ளுக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போட்டேன். பாய் வீட்டு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, சந்தை நாளன்று கடைக்கு ஓடினேன்.

"பாப்பா என்ன பண்றா?" என்று போனில் இவர் கேட்டார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தேய்ந்து வந்தது.

"வெளையாடிக்கிட்டு இருக்காளுங்க" என்றேன்.

போனை வைத்ததும் பாய் என்னையே பார்த்தார். "ஏன் கண்ணு மறைச்சே? பெத்தவரில்லையா?"

"சொன்னா வந்துருவாருங்க" என்றேன். அதற்குமேல் நிற்க முடியாமல் அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மகள் பிழைத்துக்கொண்டாள். அவர் திரும்பி வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் கிடந்ததை அப்பாவிடம் சொல்லாதே சாமி, சொன்னால் அப்பா அழும் என்று சொல்லி வைத்தேன். வந்தவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு, நான் இல்லாதபோது உடம்பெல்லாம் நன்றாக இருந்ததா என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருந்தேனுங்கப்பா, நீங்க மறுபடி எப்பப் போறீங்க?" என்றாள்.