லேமினேஷன் போட்ட அட்மிஷன்

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஊரில் யார் எதில் ஃபெயில் என்பது வரைக்கும் தெரியும். கைக்கு வருகிற ஒரு பேப்பரையாவது முழுசாகப் படிக்கத்தான் நேரம் இருக்காது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2005-ல் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், எஸ்.டி.டி., ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இன்டர்நெட். போனுக்கும் நெட்டுக்கும் சேர்த்து ஒரே லைன். நெட் போட்டால் போன் செத்துவிடும்.

பேருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை

கன்னியப்பன் அண்ணன் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அவர் என்னைத் தங்கச்சி என்பார், அவர் மகள் தேன்மொழி அக்கா என்பாள். கடைக்காரிக்கு முறையாவது ஒன்றாவது! தேன்மொழி பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். நடுவில் வடக்கே ஒரு பெரிய யுனிவர்சிடிக்கு எம்.எஸ்சி. என்ட்ரன்ஸ் எழுதியிருந்தாள். நாடு பூராவும் போட்டி போடுகிற இடம். என் கம்ப்யூட்டரில்தான் லிஸ்ட்டைப் பார்த்தோம். பேர் இருந்தது. பக்கத்திலேயே ‘ப்ரொவிஷனல்’ என்றும் இருந்தது.

அண்ணன் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து, "ப்ரொவிஷனல்னா இன்னா தங்கச்சி?" என்றார். "சீட் குடுத்துட்டாங்க அண்ணே. ஆனா டிகிரியில அறுபது பர்சன்ட் வந்தாத்தான் நெலைக்கும்" என்றேன். அவர் சொன்னார்: "புரியுது. பாத்தியில உப்பு பூத்துட்டா மட்டும் நம்பளுதாயிடுமா? வாரி அம்பாரம் போடுறதுக்குள்ள ஒரு மழை வந்தா போச்சு."

நான் செய்த உபகாரம்

எங்கள் ஊரில் காற்றே ஈரம். பீரோவுக்குள் வைத்த பேப்பர்கூட ஆறு மாசத்தில் அப்பளம் மாதிரி நமுத்துவிடும். அதனால் ரேஷன் கார்டோ ஜாதகமோ கல்யாணப் பத்திரிகையோ, எது கையில் கிடைத்தாலும் முதல் காரியம் லேமினேஷன்தான். யுனிவர்சிடியிலிருந்து கடிதம் வந்த அன்று தேன்மொழி பாண்டிச்சேரி போயிருந்தாள். அண்ணன் வேட்டியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கடிதத்தைக் குழந்தையைத் தருவது போல் நீட்டினார். "காலத்துக்கும் இருக்கணும் தங்கச்சி, நல்லா கெட்டியா போடு." மெஷின் சூடாகத்தான் இருந்தது. நானும் கெட்டியாகவே போட்டேன்.

சாயங்காலம் தேன்மொழி பேனாவோடு ஓடி வந்தாள். கடிதத்தின் கீழ்ப்பாதியை அப்போதுதான் படித்தேன், சண்டாளி! கையெழுத்துப் போட்டு, கிழித்து, பத்து நாளைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வராவிட்டால் சீட் அடுத்த ஆளுக்கு. அவள் அழவில்லை. பளபளவென்று மின்னிய கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல நான் எங்கக்கா கையெழுத்து போடுறது?"

ஆளுக்கொரு வைத்தியம்

இந்த ஊரில் தலைவலி என்று சொன்னால்கூட நாலு பேர் மருந்து சொல்வார்கள், இதற்குச் சும்மா இருப்பார்களா? அயர்ன் பாக்ஸ் வைக்கச் சொன்னார் ஒருத்தர். மண்ணெண்ணெய் தடவச் சொன்னார் இன்னொருத்தர். முதலில் நான் லேமினேட் பண்ணி மாட்டியிருந்த கடை விலைப்பட்டியலில் பிளேடு வைத்து ஒத்திகை பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் உரிந்து வந்துவிட்டது. பிளேடைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் படிப்பை என் கையாலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேனே!

பக்கத்துச் செருப்புக்கடை பாய் கோட்டக்குப்பத்துக்காரர், சவுதியில் வேலை பார்த்தவர், ஆபீஸ்களைக் கண்டு பயப்படாதவர். பாதி டீயில் எழுந்து வந்தார். அவர் சொன்னபடிதான் தேன்மொழி வெள்ளைத்தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ‘தப்பு என்னுடையது, பெண்ணுடையது அல்ல’ என்று இன்னொரு தாளில் நான் எழுதி, கடை சீல் குத்தி, என் போன் நம்பரையும் போட்டேன். என் இங்கிலீஷில் ஏழு இடத்தில் தேன்மொழி திருத்தம் போட்டாள். லேமினேஷனையும் சேர்த்தே ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். பாய் சொன்னது: "எம்மா, மூடி மறைச்சாதான் ஆபீஸ்காரன் நோண்டுவான். முட்டாத்தனத்தை முழுசா ஒத்துக்கிட்டா சிரிச்சிட்டு விட்டுடுவான்."

நெட்டா, போனா

அதற்குப் பிறகு நான் நெட்டைத் தொடவில்லை. யுனிவர்சிடிக்காரர்கள் கூப்பிடும் நேரத்தில் லைன் எங்கேஜ்டாக இருந்தால்? வந்த கஸ்டமரையெல்லாம் விரட்டினேன். இடையஞ்சாவடி ஊரைச் சேர்ந்த, ஆரோவில்லில் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர், இங்கே மாமியார் வீட்டுக்கு வந்தவர், மூன்று நாளாக ஈ-மெயில் பார்க்க நடந்தார். கடைசியில் பொறுமை போய்க் கேட்டார்: "ஏங்க, போர்டுல இன்டர்நெட்னு எழுதிட்டு, உள்ள வந்தா போனுக்குக் காவல் காக்குறீங்களே, இது கடையா, போலீஸ் ஸ்டேஷனா?"

ஒரு வரி பாக்கி

பத்தாவது நாள் காலையில் பி.எஸ்சி. ரிசல்ட் நெட்டில் வந்துவிட்டது என்று செய்தி. நெட் போட்டால் போன் போகும், போடாவிட்டால் மார்க் தெரியாது. நான் கையைப் பிசைந்தேன். தேன்மொழிதான், "மார்க் தெரியாம போனை எடுத்து இன்னா சொல்றது? போடுங்கக்கா" என்றாள். நூறு தடவை முயற்சி செய்திருப்போம். மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கம் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அவள் பேர் வந்தது. காலேஜ் பேர் வந்தது. அப்படியே நின்றுவிட்டது! அண்ணன் வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக மார்க் இறங்கியது. தேன்மொழி விரல் விட்டுக் கூட்டினாள், மறுபடி கூட்டினாள். அறுபத்து இரண்டு பர்சன்ட்.

நெட்டைத் துண்டித்த அடுத்த நிமிஷம் போன் அலறியது. தேன்மொழி எடுத்தாள். அட்மிஷன் செக்‌ஷனில் நல்லவேளையாக ஒரு தமிழம்மா. காலையிலிருந்து அடிக்கிறாராம், எங்கேஜ்டாம், நாலு மணிக்கு ஃபைலை மூடி அடுத்த பேருக்குப் போகச் சொல்லியிருந்தார்களாம். தேன்மொழி மார்க்கைச் சொன்னாள். வெள்ளைத்தாள் கையெழுத்தே போதும், ஒரிஜினல் மார்க் ஷீட்டோடு வந்தால் சீட் உறுதி என்றார். கடைசியாக என்னைப் போனுக்குக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை சொன்னார்: "அந்த லெட்டரை ஃபைல் பண்ணப் போய் எங்க பஞ்சிங் மெஷின் உடைஞ்சிடுச்சும்மா, நல்லா கெட்டியாத்தான் போட்டிருக்கீங்க."

உப்பளத்துக்குப் போன செய்தி

தேன்மொழி வடக்கே போன நாலாம் நாள் காலையில் போனில் பேசினாள். ஒரிஜினலைப் பார்த்தார்கள், ‘ப்ரொவிஷனல்’ என்பதை அடித்துவிட்டுச் சீல் போட்டார்கள், ஐடி கார்டும் கொடுத்துவிட்டார்கள். நான் ஷட்டரை இழுத்துவிட்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் உப்பளத்துக்கே போனேன். அண்ணன் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக, பலகையோடு பாத்தியில் நின்றிருந்தார். வரப்பிலிருந்தே கத்தினேன். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வரப்பில் ஏறி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னக் குரலில், மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்: "இனிமே யாரும் அத்த அவகிட்டேருந்து திருப்பி வாங்க முடியாதில்ல தங்கச்சி?"

யுனிவர்சிடி அந்தப் பெண்ணுக்கு வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், மிச்சம் அத்தனை இடைஞ்சலும் நியாயமான விலையில் என் கடை செய்து கொடுத்த சேவை.