பெனடிக்ட் சாரும் நடக்கும் தூசியும்

வேளாண்மை அலுவலகமொன்றில் முப்பத்தொரு வருடம் பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் பெனடிக்ட். பருத்தியிலும் கத்தரியிலும் எந்தப் பூச்சி விழுந்தாலும் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வயலில் இறங்கினால் ஷூ கெட்டுவிடும்.

ஓய்வுபெற்றுத் தல்லாகுளம் வீட்டில் உட்கார்ந்தபோது, அவர் மனைவி ரூத் ஆசையாகத் தொட்டியில் வளர்த்த அரிக்கா பாம் என்ற அழகுப் பனை வெளுக்கத் தொடங்கியது. இலையெல்லாம் ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளி.

"சத்துக் குறைவு" என்றார் பெனடிக்ட். உரம் போட்டார்கள். இன்னும் வெளுத்தது. "தண்ணி பத்தல" என்றார். ஊற்றினார்கள். வேர் அழுகியதுதான் மிச்சம்.

"இலைக்கு அடியில ஏதோ ஒட்டடை மாதிரி இருக்குங்க" என்றாள் ரூத்.

"ரோட்டுத் தூசிம்மா. முப்பத்தொரு வருச சர்வீஸ் எனக்கு."

அந்த வாரம் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார் சோலை, சமயநல்லூர்ப் பக்கம் கத்தரி போடுபவர், அலுவலக நாளிலிருந்து பழக்கம். காபி வருவதற்குள் அவர் பார்வை செடிமேல் போனது. கொண்டுவந்த பத்திரிகையின் உறையைத் திருப்பி, இலைக்கடியில் பிடித்துத் தட்டினார். வெள்ளைத் தாளில் மிளகாய்ப்பொடி சிந்தியதுபோலச் சில புள்ளிகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அவை நகர்ந்தன.

"தூசி எங்கயாச்சும் நடக்குமா சார்?" விரலால் தேய்த்தார். செங்கோடு விழுந்தது. "செஞ்சிலந்தி. இதுக்கு எட்டுக் காலு, பூச்சி சாதியே இல்ல."

"இம்புட்டும் எங்கப்பா படிச்ச?"

"நீங்க அச்சடிச்சுக் குடுத்த நோட்டீஸ்லதான் சார். வீட்ல இன்னும் ஒட்டி வச்சிருக்கேன்."

பெனடிக்டுக்கு அந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. மேலிடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்து எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டு அனுப்பிய நோட்டீஸ் அது. எழுதினாரே தவிர, அவர் படிக்கவில்லை.

இலைகளின் அடிப்புறத்தைப் பலமுறை கழுவி, வேப்பெண்ணெயில் சோப்பு கலந்து அடித்தார்கள். ஆனாலும் வேர் அழுகிப்போனதால் செடியைக் காப்பாற்ற முடியவில்லை. ரூத் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பெனடிக்ட் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்லும் முன்பே தொட்டியருகே குனிகிறார். பஞ்சுபோல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, நகத்தால் சுரண்டினால் உரியும் பழுப்புப் பொட்டு செதில் பூச்சி, ஈரமண்ணிலிருந்து குட்டிக் கொசுபோல எழும்பினால் பூஞ்சை ஈ. ஒன்றைக்கூடத் தவற விடுவதில்லை. மாடியிலிருக்கும் முத்துமீனா மட்டும், அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் தன் மணிபிளான்ட்டைக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள்.