மூன்றாம் மாடியின் இரத்த அழுத்தம்

அந்த நலவாழ்வு மையத்துக்குப் போக நாற்பத்தெட்டுப் படிகள் ஏற வேண்டும். கீழே அச்சகம், அதற்கு மேல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அலுவலகம், அதற்கும் மேல் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு வக்கீலின் அறை, எல்லாவற்றுக்கும் மேலே மையம். நோயாளிகள் வரும் இடத்தை மூன்றாம் மாடியில் வைத்தது யார் யோசனை என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். வாடகை குறைவாகக் கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள்.

மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களை வாசலில் எதிர்கொள்பவர் சீட்டக்கா. வரிசை எண் எழுதிய அட்டைச் சீட்டைக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலியின் இருக்கைத் துணியை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். வலது கை சீட்டை நீட்டும்போதே இடது கை வந்தவரின் புஜத்தில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிடும். கருவியில் காற்று ஏறி இறங்குவதற்குள் பெயர், வயது, தெரு மூன்றும் பதிவேட்டில் ஏறியிருக்கும். எண் வந்ததும் அதையும் எழுதிவிட்டு, "அடுத்து!" என்பார். ஒரு காலையில் அறுபது பேரை அப்படி நகர்த்திவிடலாம். இந்த வேகம் அவராகக் கண்டுபிடித்தது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. திறமை என்பது பல சமயம் ஒரு தவறை வேகமாகச் செய்யப் பழகிக்கொள்வதுதான். செய்கிறவருக்கு அது தெரிவதில்லை.

மையத்துக்கு நிதி கொடுத்துவந்த அமைப்பு அந்த வருடம் கையை விரித்துவிட்டது. இன்னும் நான்கு மாதம் ஓடும், அதற்கப்புறம் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். வேறோர் அறக்கட்டளைக்குப் போன வருடமே விண்ணப்பித்துப் பார்த்திருந்தார்கள். "உங்கள் பகுதியின் தேவை என்ன என்பது எங்களுக்குத் தெளிவாகவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இப்போது அதே அறக்கட்டளை மறுபடி விண்ணப்பம் கேட்டிருந்தது. ஆறு கேள்விகள், மூன்று வாரம்.

போன வருட விண்ணப்பத்தை எழுதியவர் மையத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "மானுடம் தோன்றிய நாள் முதலாய்" என்று தொடங்கிய அந்த விண்ணப்பம், மூன்றாம் பக்கத்தில்தான் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

"தேவை தெரியலையாம்ல? இந்தத் தடவை எண்ணாலயே அடிச்சுடுவோம்," என்றார் அவர். "ஏம்மா, நம்மகிட்ட வர்றவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேருக்கு பிரஷர் இருக்கு? பதிவேட்டைப் பாத்து எடுங்க."

சீட்டக்கா இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வருடப் பதிவேட்டை எண்ணினார். நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது.

"அறுபத்தொண்ணா! பிரமாதம்மா, பிரமாதம்!"

"சார், நோயைச் சொல்றோம். பரிசு விழுந்த மாதிரி குதிக்கிறீங்களே."

"அட, எனக்கென்ன சந்தோஷமா? விண்ணப்பத்துக்குச் சந்தோஷம்."

மறுநாள் மதியம் சீட்டக்காவின் கணவர் வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பக்கத்துக் கட்டடத்தில் வேலை முடிந்ததும், மனைவி வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கனத்த கருவிப் பையோடு ஏறி வந்திருந்தார்.

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் நோகாம மேல ஏத்தி விடறேன். கட்டின பொண்டாட்டியப் பாக்க மட்டும் நடந்து ஏறணும்னு என் தலையில எழுதியிருக்கு."

"புலம்பினது போதும். கையை நீட்டுங்க."

வேண்டுமென்று செய்ததல்ல, கை நீட்டினால் பட்டை சுற்றிவிடும் பழக்கம். கருவி நூற்று அறுபத்திரண்டு என்று காட்டியது.

"என்னங்க இது! போன மாசம் கம்பெனியில பாத்தப்ப எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே, பொய்யா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

"உப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல வாங்கினாத்தானே?"

கணவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திட்டு விழும் நேரத்தை ஓய்வு நேரமாக்கிக்கொள்வது இருபத்தாறு வருட இல்லறத்தில் அவர் கற்ற வித்தை. சீட்டக்கா பேசி ஓய்ந்து, டாக்டரிடம் அனுப்பும் முன் இன்னொரு முறை பார்ப்போம் என்று பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்துநான்கு.

"பாத்தியா? நீ திட்டின திட்டுல நோயே ஓடிப்போச்சு."

சீட்டக்கா சிரிக்கவில்லை. "இது எப்படிங்க இறங்குச்சு?"

"இதுல என்ன அதிசயம்? முழு லோடோட மேல ஏறி வந்து நின்ன மோட்டாரைத் தொட்டுப் பாரு, கொதிக்கும். உடனே மோட்டார் கெட்டுப்போச்சுன்னு எழுதிடுவோமா? ஆறவிட்டுத்தான் கையையே வைப்போம்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சீட்டக்கா பதிவேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாக அவர் அளந்தது மனிதர்களை அல்ல, மாடிப்படியை.

முதலில் வந்தது எண்ணைப் பற்றிய கவலை அல்ல. யாராவது வீணாக மாத்திரை விழுங்கியிருப்பார்களோ என்ற பயம். நேரே உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"பயப்படாதீங்கக்கா. உள்ள வந்து அஞ்சு நிமிஷம் பேசினதுக்கப்புறம் நானே பாத்துட்டுத்தான் மருந்து எழுதுவேன். எல்லாம் அவங்கவங்க ஃபைல்ல இருக்கு."

"அப்போ நான் எழுதறது?"

டாக்டரம்மா தயங்கினார். "அது... வரிசையை நகத்தறதுக்குன்னு நெனச்சேன்."

"பதினோரு வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி!"

அலமாரியிலிருந்த ஃபைல்களை இறக்கி, டாக்டர் எழுதிய எண்களை எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு இருபத்தெட்டுதான் வந்தது. செயலாளருக்கு அது சாவுச் செய்தி போல இருந்தது.

"ஏம்மா, இருக்கறதைக் குறைச்சுச் சொல்லி யாராவது உதவி கேப்பாங்களா? பதிவேட்டுல அறுபத்தொண்ணுன்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்போ அது பொய் இல்லையே."

"பொய் இல்ல சார். ஆனா உண்மையும் இல்ல."

"மையத்தை மூடினா அந்த இருபத்தெட்டுப் பேரும் எங்க போவாங்க? அதையும் யோசிங்க."

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய்க்கு எப்போதும் நியாயம் இருக்கும்; அதுதான் அதன் தொல்லை. சீட்டக்காவுக்கு வேறொரு சந்தேகம் முளைத்தது. இந்தப் படிகளை ஏறி வருகிறவர் யார்? ஏற முடிந்தவர். ஏற முடியாதவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

பழைய பதிவேடுகளையும் புரட்டி, ஒன்றிரண்டு முறை வந்துவிட்டு நின்றுபோனவர்களைத் தனியாகக் குறித்தார். நாற்பத்துமூன்று பேர். காலை வேலை முடிந்து மையத்தைப் பூட்டியதும், தினமும் பிற்பகலில் கருவியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினார். முதல் வீடு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருடையது. முழங்கால் இரண்டும் வீங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியவரே, ரெண்டு வருஷமா ஆளையே காணோம்?"

"உங்க மாடிக்கு வர்றதுன்னா ரெண்டாவது மாடியில ஒரு ஆஸ்பத்திரி வேணும்மா. அங்க வைத்தியம் பாத்துட்டுத்தான் மிச்சத்தை ஏற முடியும்."

"சொல்லியிருந்தா நாங்களே வந்திருப்போமே."

"சொல்றதுக்கும் மேலதானே ஏறி வரணும்?"

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, இரண்டு முறை அளந்தார். நூற்று எழுபத்தெட்டு, நூற்று எழுபத்தாறு. டாக்டரம்மா அன்று மாலையே போய்ப் பார்த்தார். இரண்டு வாரத்தில் முப்பத்தாறு பேரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. இருபத்தேழு பேருக்கு அழுத்தம் அதிகம். மாடிக்கு வருகிறவர்களில் கால்வாசிப் பேருக்கு இருந்தது, வராதவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. ஒரு வருடம் தேடியும் கிடைக்காத தேவை, தரைத்தளத்தில் உட்கார்ந்திருந்தது.

விண்ணப்பத்தைச் சீட்டக்காவே எழுதினார். "உங்கள் பகுதியின் பிரச்சினை என்ன?" என்ற முதல் கேள்விக்கு, "எங்கள் மையத்துக்கு நாற்பத்தெட்டுப் படிகள். எங்கள் உதவி மிக அதிகமாகத் தேவைப்படுகிறவர்களால் அதை ஏற முடியாது" என்று இரண்டே வரி. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற இரண்டாவதற்கு, "பதினோரு வருடமாகத் தவறாகத் தெரிந்திருந்தது" என்று தொடங்கி, அறுபத்தொன்று இருபத்தெட்டான கதையையும், முப்பத்தாறு வீடுகளின் கணக்கையும் ஒளிக்காமல் எழுதினார். கேட்டது இரண்டு: கீழ்த்தளத்தில் ஓர் அறை, வாரத்தில் மூன்று பிற்பகல் வீடு வீடாகப் போய்வர ஓர் ஆள்.

செயலாளர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விண்ணப்பம் மாதிரியே இல்லையேம்மா. வாக்குமூலம் மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா சார்?"

"நல்லா இருக்கா இல்லையான்னு தெரியல. புரியுது. எனக்கே புரியுதுன்னா அவங்களுக்கும் புரிஞ்சுடும், அதான் பயமா இருக்கு."

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு இடத்தில் "மானுடம்" என்று நுழைக்கப் பார்த்தார். சீட்டக்கா பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கனிவும் இல்லை, கடுமையும் இல்லை.

"அந்தத் தப்பான எண்ணை நீங்களா சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

எதிரே நின்ற செயலாளர், ஏதாவது பெரிதாகச் சொல்லும்படி கையை வீசிக் காட்டினார். சீட்டக்காவுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை.

"அறுபத்தொண்ணுன்னு சொல்லிக் காசு வாங்கினா, அடுத்த வருஷம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேப்பீங்க. வர்றவங்களை அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வெச்சாலே பாதி குறைஞ்சுடும். அதை நாங்க குணமாக்கிட்டோம்னு பொய் சொல்லணும். அதுக்கு அடுத்த வருஷம் இன்னும் எப்படிக் குறைக்கிறது? வருஷா வருஷம் அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

மறுமுனையில் சிரிப்பு. "எழுதிக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

இதை நேர்மை என்று தூக்கிவைத்துப் பேசத் தேவையில்லை. பின்னால் வரப்போகும் சிரமத்தை முன்னாலேயே பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அப்படிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இல்லை என்பதும் உண்மை.

நிதி கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வேண்டும், தவறுகளும் அதில் இருக்க வேண்டும் என்று கடிதத்தில் நிபந்தனை போட்டிருந்தார்கள். அச்சகத்தின் பின்பக்கக் காகிதக் கிடங்கு காலியாகி, வெள்ளையடிக்கப்பட்டு, மையம் தரைக்கு வந்தது. பட்டை சுற்றும் முன் ஐந்து நிமிடம் உட்காரச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு.

திறந்த முதல் வாரமே எண்கள் மறுபடி எகிறின. மாடி இல்லை, படி இல்லை, எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். இருந்தும் நூற்று அறுபது, நூற்று எழுபது. சீட்டக்கா குழம்பிப்போய் எட்டிப் பார்த்தார். பெஞ்சில் பேருந்து ஓட்டுநர் நடுநாயகமாக இருந்தார். எதிர்ப்பக்கம் அச்சகக்காரர், கையில் மை. எந்த வழியில் போனால் ரயில் நிலையம் சீக்கிரம் வரும் என்று தொண்டை நரம்பு புடைக்க இருவரும் வாதாடினார்கள்; பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள்.

"ஐயா! அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரச் சொன்னா, சட்டசபையா நடத்தறீங்க?"

"மேல இருந்தப்ப பேச மூச்சு இல்லம்மா," என்றார் ஓட்டுநர். "இப்பத்தானே கெடைச்சிருக்கு."

சீட்டக்கா ஆறு மாத அறிக்கைக்கான நோட்டைத் திறந்து, "பெஞ்சைப் போட்டோம், வாய்களை மறந்துவிட்டோம்" என்று தவறுகளின் கீழே முதல் வரியை எழுதினார். பிறகு போய் ஓட்டுநரின் கையைப் பிடித்து எழுப்பி, தனியாக ஒரு நாற்காலியில் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு, கடிகாரத்தில் ஐந்து நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.