ஜீப்புக்குள் தேங்கிய தண்ணீர்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வர, பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை என் மச்சான் வாங்கினார். மழைக்காலத்தில் அதற்குள் காலடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது. தரையில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்து, "இதுவழியாத்தான் ஏறுது மாப்ளே" என்றார். தார் ஊற்றி அடைத்தோம். மறுநாள் தோட்டத்து ஆட்களோடு மலையிறங்கி வருவதற்குள் என் செருப்பு மிதந்தது. படுதாவைத் தைத்தோம், ரேடியேட்டரைக் கழற்றி மாட்டினோம், விற்றவனின் வம்சத்தையே திட்டினோம்.

கடைசியில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணிதான் வாயைத் திறந்தார். "மழைக்குப் போத்திட்டு வர்ற கம்பளியெல்லாம் நனைஞ்சதும் கழட்டி ஒங்க சீட்டுக்கு அடியிலதானே போடுறோம் அண்ணே? அந்தத் தண்ணி வெளிய போகத்தான் ஓட்டை இருந்துச்சு."

சீட்டு நனையக்கூடாது என்று கம்பளியைக் கழற்றச் சொன்னதே மச்சான்தான். சற்று யோசித்தார். தான் அடைத்த ஓட்டையைத் தானே திறப்பதா? எல்லோரையும் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் தூக்கியது நான்தான்.