பல்லண்ணனின் ரோஜாக்கள்

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அவர் தொட்டி மண்ணுக்குள் இடது கைச் சுண்டுவிரலை இரண்டாவது கணு வரை இறக்குவார். இறக்கிவிட்டு அசையாமல் இருப்பார். பார்வை மதில்மேல் எங்கோ நிற்கும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தணிந்த குரலில் பேசுவதைக் கேட்பவரின் முகம் அப்போது. பிறகு விரலை உருவி, காற்சட்டையின் இடது தொடையில் ஒரே இடத்தில் துடைப்பார். அவருடைய காற்சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒரு மண்கறை உண்டு. கொடியில் காயும்போது எது அவருடைய துணி என்று மாடியிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஏன் சுண்டுவிரல் என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்த விரலெல்லாம் சூடு பட்டுப் பட்டுக் காய்ச்சுப்போச்சு தம்பி. ஈரம் எது, காய்ஞ்சது எதுன்னே தெரியாது. இவன் ஒருத்தன்தான் வேலை வெட்டி இல்லாம சொகுசா வளர்ந்தவன். இவன் சொல்றதைத்தான் நம்ப வேண்டியிருக்கு."

அவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தார். பல் செட்டு செய்பவர். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் கல்லாக இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பிசினை நிரப்பி வேகவைத்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அடுத்த தெருவில் ஒற்றை அறைப் பட்டறை. அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள், ஊரே கூடி வாயைப் பிளந்துகொண்டு எதையோ வேடிக்கை பார்ப்பது போல. தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லண்ணன். அவருடைய சொந்த முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்தது.

"முதல்ல உன் பல்லைக் கட்டுப்பா" என்று அம்மா கேலி செய்தால், "வாயைத் திறந்தாத்தானேக்கா தெரியும்" என்பார்.

அது மெய். அவர் வாயைத் திறப்பது அபூர்வம்.

கேட்டிலிருந்து வாசற்படி வரை இரண்டு பக்கமும் இருந்த ரோஜாத் தொட்டிகளும், மதிலோரத்துச் செம்பருத்தியும் அண்ணி வைத்தவை. அண்ணி என்றால் பல்லண்ணனின் மனைவி. தொலைதூர நகரம் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் கல்யாணமாகிப் போனபின், ஓராண்டுக்கு என்றுதான் அண்ணி போனார். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் விடுப்பில் வருவார், சில வாரம் இருப்பார், அடுத்த ஒப்பந்தத்துக்குப் புறப்பட்டுவிடுவார். பேருந்து வரை பையைச் சுமந்துகொண்டு போகும் பல்லண்ணன் ஜன்னல் வழியாக "பார்த்துப் போ" என்பார். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வார்த்தை.

அந்த ஆண்டுக் கோடை விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாக உட்கார்ந்துவிட்டது. விடிந்த கொஞ்ச நேரத்திலேயே படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட முடியாது. தெருவில் மற்ற வீட்டுச் செடிகள் காகிதமாகச் சுருண்டன. அதுவரை "சாப்டியா", "சாப்டேன்", "சரி" என்று முடிந்துகொண்டிருந்த அவர்களுடைய தொலைபேசிப் பேச்சு அப்போதுதான் நீண்டது. கை மண்ணில் இருப்பதால் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் படியில் வைத்துவிடுவார். கேட்காதே என்றாலும் எங்கள் வீடு வரை கேட்கும்.

"மத்தியானம் வாடித்தான் நிக்கும். பதறிப்போய்த் தண்ணி ஊத்தாதீங்க. வெயில் இறங்கினப்புறமும் தலையைத் தொங்கப்போட்டிருந்தாத்தான் தாகம்."

"சரி."

"உரம் கிரம் போட்டுடாதீங்க. காய்ச்சல்ல கிடக்கிறவனுக்கு விருந்து வெச்ச மாதிரி ஆயிடும்."

"சரி."

"வாடின பூவை உடனே கிள்ளிடணும். இல்லேன்னா காய் பிடிக்கலாம்னு செடி அதுலயே உட்கார்ந்துக்கும். கிள்ளினாத்தான் அடுத்த மொட்டு."

"சரி."

"சரியைத் தவிர வேற வார்த்தையே இல்லையா உங்ககிட்ட?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கு" என்றார்.

சொன்னதையெல்லாம் செய்தார். தொட்டி மண்ணை உலர்ந்த இலைகளால் மூடினார். சிமெண்டுச் சூடு ஏறாமலிருக்க ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் பலகைத் துண்டு செருகினார். பழைய படுக்கை விரிப்பைக் கயிற்றில் கட்டி, பட்டறையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது வெயில் போகும் பக்கமாக அதை நகர்த்தினார். தெருவே கருகிக் கிடக்க, அவர் வாசலில் மட்டும் ரோஜா பூத்தது. பல்லண்ணனும் மெல்லப் பேச ஆரம்பித்தார். எந்தத் தொட்டியில் மொட்டு, எந்த மொட்டில் எறும்பு, எது நேற்று விரிந்தது என்று. மறுமுனையில் அண்ணி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அண்ணி சொன்னார், விடுப்பில் வருவதாகவும், இந்தத் தடவை இல்லத்தில் ரொம்ப வருஷத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் கேட்கிறார்கள் என்றும், வந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றும்.

அன்று மாலை பல்லண்ணன் மாடி ஏறி வந்து அம்மாவிடம் சொன்னார். "போன தடவை போறப்ப ரோஜாவைத் தடவிக்கிட்டே, இதுங்களை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்குன்னா. அவ வர்ற அன்னிக்கு வாசல் நிறையப் பூத்திருந்தா, இருந்துடுவாக்கா."

"ஏம்பா, பூ சொல்லித்தான் உன் பொண்டாட்டி இருக்கணுமா? நீ வாயைத் திறந்து இருன்னு சொன்னா என்ன, பல்லா கொட்டிடும்?"

"அதெல்லாம் கேட்டு வாங்கக் கூடாதுக்கா. அவளுக்கே தோணணும்."

"நல்லா தோணும், போ" என்றார் அம்மா.

பூவுக்குத் தண்ணீர் குறைந்துவிடக் கூடாது என்று அவர் புதிதாக ஒரு கறுப்புக் குழாய் வாங்கினார். வாளி சுமப்பதைவிட அது வசதி. அதுதான் வினையாயிற்று. அண்ணி வருவதற்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம், செடிகள் துவண்டு நிற்பதைப் பார்த்தார். மத்தியானம் வாடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நாள் நெருங்க நெருங்க, தெரிந்ததெல்லாம் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுண்டுவிரலைக்கூடக் கேட்கவில்லை. காலையிலிருந்து சிமெண்டுத் தரையில் வெயிலில் சுருண்டு கிடந்த குழாயை எடுத்து, நேரே ரோஜாக்களின் தூரில் பிடித்துவிட்டார். குழாய்க்குள் இருந்தது கொதித்த தண்ணீர். ஒன்றிரண்டு தொட்டி தாண்டிய பிறகுதான் கையில் தெறித்தது.

"அய்யோ, கையை எடு, கையை எடு!" என்று அம்மா மேலிருந்து கத்தினார். அவர் கையை எடுக்கவில்லை. வெறும் கையால் தூர் மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாளியில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மற்ற தொட்டிகளும் அந்த வாரத்து அனல்காற்றில் ஒவ்வொன்றாக மொட்டைக் கொட்டின. தண்டைக் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தது. உயிர் இருந்தது, பூ இல்லை.

ஒரு மாலை போனில் அண்ணி கேட்டார், "பூத்திருக்கா?"

"பூத்துக் குலுங்குது."

"குலுங்குதாம்" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தார். "இந்த மனுஷன் பொய் சொல்லி இப்பத்தான் கேக்கறேன். பழக்கமில்லாதவன் சொன்னா பெருசா சொல்லிடறான்."

அடுத்த நாட்களில் பட்டறையில் அவர் என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு காலையில் ரோஜாச் செடியில் ஒரு பூ இருந்தது. இளஞ்சிவப்பு. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மத்தியானம் பார்த்தால் அதன் இதழ்கள் நாய் நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. மெழுகு! வாழ்நாள் முழுக்க மெழுகை உருக்கியே பிழைத்த மனிதர், வெயிலும் அதைச் செய்யும் என்று மறந்துபோனார்.

பிறகு பிசினில் செய்தார். பல் செட்டில் ஈறு செய்யும் அதே பிசின். அதில் மெல்லிய சிவப்பு நூலிழைகள் கலந்திருக்கும், வாய்க்குள் ரத்த நரம்பு போலத் தெரிவதற்காக. இதழ்களில் அது அச்சு அசலாக ரோஜாவின் நரம்பாகவே ஓடியது. பக்கத்துப் பல்லைக் கவ்விப் பிடிக்க வைக்கும் கம்பிக் கொக்கியைக் காம்பில் வைத்து, தண்டில் மாட்டினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்: பாதி விரிந்தது, சற்றே கவிழ்ந்தது, ஓரம் பூச்சி அரித்தது. அரித்த ஓரத்தைப் பார்த்துவிட்டு நான் மாடி ஏறிவிட்டேன். கேலி செய்யலாம் என்று வந்தவனுக்கு வாய் வரவில்லை.

அண்ணி வந்தார். பல்லண்ணன் பையோடு பின்னால். கேட்டைத் திறந்த அண்ணி அங்கேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பல்லண்ணனுக்கு அது நீண்ட நேரமாக இருந்திருக்கும், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அடேயப்பா" என்றார் அண்ணி. "இந்த வெயில்லயா!"

"ம்" என்றார் பல்லண்ணன்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். அண்ணி வாசலுக்கு வந்தால் இவரும் வருவார். அண்ணி குனிந்தால், "உள்ள வா, அனல் அடிக்குது" என்பார். காலையில் பூக்களுக்கு மேலே தண்ணீர் தெளிப்பார். பூக்கள் பளபளக்கும். யாரும் பார்க்காதபோது ஒன்றைக் கழற்றி வேறு கிளையில் மாட்டுவார், புதிதாகப் பூத்தது போல. ஒப்பந்தத்தைப் பற்றி அண்ணி பேச்சே எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. அண்ணியின் பை, பிரித்தும் பிரிக்காமலும், கட்டிலோரமே கிடப்பதாக அம்மா சொன்னார்.

ஒரு காலை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அண்ணியின் குரல்.

"ஒரு பூ பறிச்சுக் கொடுங்க."

"செடியிலயே இருக்கட்டுமே. அழகா இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு."

"முள்ளு குத்தும்."

"ஊர்ப் பல்லையெல்லாம் ராவுற கைக்கு முள்ளு ஒரு கேடா?"

நான் ஈரத்துணியைப் பிழியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். 'டக்' என்று கொக்கி கழலும் சத்தம் கேட்டது. அவர் பூவை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார். அண்ணி அதைத் திருப்பிப் பார்த்தார்.

"மெருகு நல்லா வந்திருக்கு" என்றார்.

பல்லண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். குழாய், கொதித்த தண்ணீர், கொட்டின மொட்டு, உருகிய மெழுகு எல்லாம் வெளியே வந்தது. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மொட்டெல்லாம் கொட்டிப்போச்சுன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ அந்த ஒப்பந்தத்துக்குப் போயிடுவே."

"பூ இருந்தா மட்டும் இருப்பேனா?"

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டியிடம் சொல்வது போலச் சொன்னார். "போகாதே."

"யாரை? ரோஜாவையா?"

"உன்னைத்தான்." நிமிர்ந்தார். "நீ போகாதே. எனக்கு இங்க நல்லா இல்லை."

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மீதியையும் கழட்டுங்க" என்றார் கடைசியில். "தண்டு மூச்சு விடட்டும்." இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் போட்டார்கள். வாசல் மொட்டையானது. அன்றே அண்ணி இல்லத்துக்குப் பேசிவிட்டார், வரவில்லை என்று.

ஓர் ஆண்டு கழித்து, ஏதோ பேச்சில், அம்மா எனக்குச் சொன்னார். அந்த முதியோர் இல்லத்தில் அண்ணிக்குக் காலை முதல் வேலை, அங்கிருந்தவர்கள் எல்லோருடைய பல் செட்டுகளையும் கிண்ணங்களிலிருந்து எடுத்துத் தேய்த்துக் கழுவி அவரவருக்குக் கொடுப்பது. அந்த நிறத்தை இருட்டிலும் கண்டுகொள்வேன் என்றாராம். கேட்டைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டதாம்.