உயிரோடு இருந்தவருக்குப் புகழுடம்பு

கூட்டாளி போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி தையல்கடைக்காரர் வாய்வழியாக அச்சுக்காரருக்கு வந்தது. தையல்கடைக்காரருக்கு அதைப் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். "நெஞ்சுவலின்னு தூக்கிட்டுப் போனாங்களாம்ணே. அவ்வளவுதானாம்."

அச்சுக்காரரும் கூட்டாளியும் ஒரே அச்சகத்தில் தோளோடு தோள் நின்று இரங்கல் சுவரொட்டி அடித்தவர்கள். ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னால், "இவனுக்குக் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது" என்று அச்சுக்காரர் வாயை விட்டார். கூட்டாளி மறுநாளே விலகிப் போனார். அதோடு பேச்சுவார்த்தை அற்றது. மன்னிப்புக் கேட்க அச்சுக்காரர் எத்தனையோ முறை போனை எடுத்து, எடுத்த கையோடு கீழே வைத்திருக்கிறார்.

இப்போதும் விசாரிக்க வாய் எழவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? கைக்குத் தெரிந்தது வேலைதான். 'புகழுடம்பு எய்தினார்' என்று பெரிய எழுத்தில் போட்டார். இந்த உடம்பு போனபின் ஊர் நினைவில் நிற்கிற இன்னோர் உடம்பு. இறந்தவருக்கு மட்டுமே எழுதுகிற சொல். வட்டிக்காரர், வம்புக்காரர் என்று பாராமல் அதை எல்லாருக்கும் வாரி வழங்கியவர் அவர். "உங்க கடைக்கு வந்துட்டா எல்லாரும் மகான்தான்" என்று மனைவி கேலி செய்வாள். இந்த முறை அதை மனசாரப் போட்டார். கீழே, 'நிறம் பார்ப்பதில் நிகரில்லாதவர்' என்றும் சேர்த்தார். நேரில் சொல்லாததெல்லாம் தாளில் தாராளமாக வந்தது. விடிந்ததும் பசை வாளியோடு போய்க் கூட்டாளியின் தெருமுனையில் தானே ஒட்டினார்.

திரும்பி வந்தால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு! தூக்கிட்டுப் போனது மாடி வீட்டுக்காரரையாம். அவரு வீட்டுக்கார அக்கா போன்ல அழுவுறாங்க. உயிரோட இருக்கிற மனுசனச் சுவத்துல ஏத்திட்டீங்களே!"

"நல்லதாத்தானே போட்டேன்..."

"செத்தாத்தான் உங்க வாயில நல்லது வருமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

அச்சுக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்க் கிழிக்கலாமென்றால் தெருவே அங்கே கூடி நிற்கிறதாம். கூட்டாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாராம். சிரித்தாரா, திட்டினாரா என்று அச்சுக்காரர் கேட்டார்.

"ரெண்டும் இல்லையாம். உங்க நம்பர் மட்டும் கேட்டாராம்."

மேசையில் போன் அடித்தது. திரையில் கூட்டாளி.

"எடுங்க" என்றாள் மனைவி.

பசை காய்ந்த விரல்களைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.